ஒரு விரல், நான்கு கம்பி: ஜேம்ஸ் ஜேமர்சன்



சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று மலைக்காற்று வாங்கிக்கொண்டிருப்பீர்கள். கீழே ஏதோ ஒரு வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கதவு சாத்தியிருப்பதால் பாடுகிறவரின் வார்த்தை உங்களுக்குக் கேட்காது. வயலினும் கேட்காது. ஆனால் 'தும்... தும்தும்...' என்று ஒரு அடிநாதம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துவிடும். அதை வைத்தே அது என்ன பாட்டு என்று சொல்லிவிடுவீர்கள். அந்த அடிநாதம்தான் பேஸ் கிட்டார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம் வழியாகப் போனால் பண்ணைப்புரம். அந்த ஊரில் பிறந்த இளையராஜா, 1976-ல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து, பேஸ் கிட்டாரைத் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருவியாக மட்டும் வைக்கவில்லை. அதையே தனியாக ஒரு பாட்டுப் பாட வைத்தார். இன்று பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளில் பலரும் அவருடைய பாடல்களைக் கேட்டுத்தான் அந்த ஆசைக்கு வந்தவர்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அல்லது 50 வயதுக்கு மேல் நீங்களே ஒரு கிட்டார் வாங்கி வைத்துக்கொண்டு, விரல் ஏன் ஓட மறுக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்காகத்தான் இந்த இதழில் ஜேம்ஸ் ஜேமர்சனின் வாழ்க்கை. உலகம் முழுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் ஆசானாக மதிக்கும் மனிதர் அவர். மறைந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வாசித்த பாடல்களை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்களா என்பது சந்தேகம்தான். அது ஏன் என்பதும் இந்தக் கதையில் வருகிறது.

எறும்புகளுக்கு வாசித்த சிறுவன்

ஜேமர்சன் 1936 ஜனவரி 29-ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், எடிஸ்டோ தீவுப் பகுதியில் பிறந்தார். கறுப்பின மக்கள் நிறைய வாழும் கடலோரப் பகுதி அது. பாட்டி பியானோ வாசிப்பார். அத்தை சர்ச்சில் பாடுவார். வீட்டில் பணம் பெரிதாக இல்லை, இசை இருந்தது.

சிறுவயதில் ஒரு கம்பில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, அந்தக் கம்பை எறும்புப் புற்றில் செருகி, ரப்பரைச் சுண்டி விளையாடுவாராம். அந்த அதிர்வில் எறும்புகள் வெளியே வந்து ஆடுகின்றன என்பது அவருடைய கணக்கு. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை இது. ஒரே ஒரு தந்தி, அதைச் சுண்ட ஒரே ஒரு விரல். பின்னாளில் நான்கு கம்பி வந்தது. விரல் மட்டும் கடைசி வரை ஒன்றுதான். அதற்குப் பிறகு வருவோம்.

1954-ல் தாயுடன் வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் எல்லாம் அங்கேதான். நம் பக்கத்து ஆட்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிப் போவதைப் போல, தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி அங்கே போன காலம் அது.

அங்கே நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது இசை அறையில் இருந்த டபுள் பேஸை ஜேமர்சன் கையில் எடுத்தார். டபுள் பேஸ் என்பது வயலினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினது போன்ற வாத்தியம். தரையில் ஊன்றி நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். கம்பிகள் தடிமனாக இருக்கும். அழுத்தவும் சுண்டவும் கையில் நல்ல வலு வேண்டும். ஜேமர்சனுக்கு இயல்பிலேயே பெரிய கை. பள்ளி முடியும் முன்பே ஊர் கிளப்புகளில் ஜாஸும் புளூஸும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சிறு வயதிலேயே திருமணமும் ஆனது. மனைவி பெயர் ஆனி.

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ஸ்டூடியோ

பெர்ரி கோர்டி என்பவர் டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் இரும்புச் சட்டமாக வரிசையில் ஏறுவது, மறுமுனையில் பளபளக்கும் காராக இறங்குவதைத் தினமும் பார்த்தார். பாட்டையும் இப்படித் தயாரித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிறகு உலகம் அறிந்த மோட்டவுன்.

மேற்கு கிராண்ட் பூலவார்டு சாலையில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதனோடு சேர்ந்திருந்த கார் நிறுத்தும் கொட்டகையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினார். நம் வீடுகளில் காரும் பைக்கும் நிற்கும் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் டிரம்ஸ், பியானோ, மூன்று கிட்டார், ஒரு பேஸ் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வயர்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வயர்கள் நெளிந்து கிடந்ததால் அந்த அறைக்குப் பாம்புக்குழி என்று பட்டப்பெயர். அங்கே வாசித்த குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். ஜேமர்சன் அதில் பேஸ். அருகில் டிரம்ஸ் வாசித்தவர் பென்னி பெஞ்சமின்.

முதலில் அவர் அங்கேயும் டபுள் பேஸ்தான் வாசித்தார். பாடகர் ஜாக்கி வில்சனின் குழுவோடு ஊர் ஊராகப் போன காலத்தில்தான் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கு மாறினார். இந்தக் கருவி அப்போது பிறந்து பத்து வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல்தான் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸை ஊர் ஊராகத் தூக்கிச் சுமக்கும் கஷ்டத்துக்கு ஒரு விடிவு. தோளில் மாட்டலாம். வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல இதன் கழுத்தில் ஃப்ரெட்டுகள் இருக்கும். சரியான இடத்தில் அழுத்தினால் சுரம் பிசகாது. நான்கு கம்பிகள். மிகக் கீழான கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் கீழ்க்கம்பி 82 முறை. அதாவது ஒரு ஸ்தாயி கீழே.

புதுக் கருவி என்பதால் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. அன்றைக்குப் பாட்டில் பேஸ் என்றால் ஆதாரச் சுரம் ஒன்று, ஐந்தாம் சுரம் ஒன்று. அதையே திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் வேலை. பந்தலுக்குக் கால் ஊன்றுவதுபோல. கால் இல்லாவிட்டால் பந்தல் நிற்காது. ஆனால் பந்தலுக்கு வருகிறவர் யாரும் காலைப் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு விரல்

இப்போது விரலுக்கு வருவோம். உங்கள் பிள்ளை பேஸ் வகுப்புக்குப் போனால் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். வேகமாக வாசிக்க இரண்டு விரல் வேண்டும் என்பது பொதுவான பாடம். சரியான பாடமும்கூட.

ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். மற்ற விரல்களைக் கிட்டாரின் மேலிருந்த உலோக மூடியில் ஊன்றிக்கொள்வார். டபுள் பேஸில் பழகின பழக்கம் அது. கூட வாசித்தவர்கள் அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு கொக்கியால் அவர் வாசித்ததை இன்றைக்கு இரண்டு விரலால் வாசிக்கவே நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் திணறுகிறார்கள்.

இது எப்படி முடிந்தது? வேகத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு விரல் என்றால் நீளம் வேறு, வலு வேறு. பழகாத கையில் ஒரு சுரம் கனமாகவும் அடுத்தது மெலிதாகவும் விழும். ஒரே விரல் என்றால் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் விழும். ஒரு சுரத்தை வேண்டுமென்றே மெலிதாக்கினால் அது அவர் எண்ணி எடுத்த முடிவு. கை தவறியது அல்ல. ஆகவே தேர்ச்சி என்பது எத்தனை விரல் என்பதில் இல்லை. நீங்கள் நினைத்த கனத்தில், நினைத்த நொடியில், சுரம் விழுகிறதா என்பதில்தான் இருக்கிறது.

இடது கையும் டபுள் பேஸ் தந்த கைதான். அழுத்தினால் அழுத்தினதுதான். அவருடைய 1962 ஃபெண்டர் பிரெசிஷன் கிட்டாரில் கம்பிகள் கழுத்திலிருந்து மிக உயரமாக நின்றன. வேறு ஒருவர் வாங்கி வாசித்தால் கை வலிக்கும். வழவழப்பான, கனத்த கம்பிகளைப் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். புதுக்கம்பி கணகணவென்று ஒலிக்கும். பழைய கம்பி மத்தளம்போல அடங்கி ஒலிக்கும். அவருக்கு வேண்டியது அந்த அடக்கம். கம்பியின் அடியில் ஒரு பஞ்சுத் துண்டையும் வைத்திருப்பார். சுரம் இழுபடாமல் சட்டென்று நிற்க அது உதவியது.

இதைப் படித்துவிட்டு உங்கள் கிட்டாரிலும் கம்பியை உயர்த்திவிடாதீர்கள். அவர் கைக்கு அது பல வருடத்தில் அமைந்தது. தொடக்கத்தில் இருப்பவருக்குக் கம்பி தாழ்வாக இருப்பதுதான் நல்லது. மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கிட்டார் அமைப்பை அல்ல. அவர் பழகின விதத்தை.

கேட்டுக் கேட்டுப் பழகியவர்

அவர் எப்படிப் பழகினார்? பகலில் மோட்டவுன் ஸ்டூடியோவில் பாட்டுக்குப் பாட்டு வாசித்தார். இரவில் கிளப்புக்குப் போய் ஜாஸ் வாசித்தார். ஜாஸில் பேஸ் வாசிப்பவர் பாட்டு முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்துக்கு வழி காட்ட வேண்டும். இரவில் கற்ற நடையைப் பகலில் மூன்று நிமிடப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். டபுள் பேஸில் தேறிய கை, ஜாஸில் தேறிய காது, சர்ச்சில் கேட்டு வளர்ந்த பாட்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஜேமர்சன்.

ஆரம்பத்தில் அவருக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அவர் போக்குக்கே விட்டுவிட்டார்கள். கார்டு மட்டும் எழுதிய தாள் ஒன்று முன்னால் இருக்கும். மற்றதெல்லாம் அவர் காதும் விரலும்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். 1964-ல் பதிவானது. அதில் முதலில் ஒலிப்பது பாடகர் அல்ல, கிட்டாரும் அல்ல, ஜேமர்சனின் பேஸ்தான். விட்டு விட்டு ஒரு சில அடி. பழக ஆரம்பித்த ஒரு வாரத்தில் உங்கள் பிள்ளைகூட அதை வாசித்துவிட முடியும். ஆனால் அந்த இடைவெளிகளைக் கவனியுங்கள். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் வாசித்தது அது.

அடுத்து 1967-ல் வந்த மூன்று பாடல்களைக் கேளுங்கள். ஃபோர் டாப்ஸ் குழுவின் 'பெர்னடெட்', ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்', மார்வின் கேயும் டாமி டெரெல்லும் சேர்ந்து பாடிய 'எய்ன்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்'. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரு கலைஞன் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று உங்களுக்கே தெரியும். இப்போது பேஸ் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாடகர் மூச்சு விடும் இடத்தில் உள்ளே புகுந்து பதில் சொல்கிறது. அடுத்த வரி தொடங்கும் நொடியில் சரியாகத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பாட்டை மறைக்கவே இல்லை. இவ்வளவு சுரம் வாசித்தும் பாடகருக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்ததுதான் அவருடைய தேர்ச்சியின் உச்சம்.

பெயர் எங்கே?

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

1960-களில் மோட்டவுன் வெளியிட்ட பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடத்துக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். கடல் கடந்து பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அந்தத் தட்டுகளைக் கேட்டு, அதிலிருந்து தன் பேஸ் வாசிப்பைக் கற்றுக்கொண்டார். ஆனால் வாசித்தது யார் என்று தட்டில் இல்லை. அட்டையில் பாடகர் படம் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இருக்காது.

சம்பளம் இல்லை என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் ஒரு பாட்டுக்குச் சில டாலர்கள்தான் என்றாலும், 1968 வாக்கில் வாரத்துக்கு 1,000 டாலர் வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது நல்ல பணம். குடும்பம் வசதியாகவே இருந்தது. ஆனால் பணம் வேறு, பெயர் வேறு என்பது வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நம் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விடியும் முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கிறது. குனிந்து, பதமான காயை மட்டும் பார்த்து, பிஞ்சை விட்டுவிட்டுப் பறிக்க வேண்டும். அதுவும் விரலின் தேர்ச்சிதான். வருடக்கணக்கில் பழகினால்தான் வரும். போடியில் ஏலம் நடக்கும்போது எடை சொல்வார்கள், ரகம் சொல்வார்கள், விலை சொல்வார்கள். பறித்த கையின் பெயர் எந்த மூட்டையிலும் இருக்காது.

ஜேமர்சன் பெயர் முதன்முதலாக ஒரு பெரிய இசைத்தட்டின் அட்டையில் வந்தது 1971-ல். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. அதற்குள் அவர் 12 வருடம் வாசித்துவிட்டார்.

அந்தப் பதிவு பற்றிய கதை இசைக்காரர்கள் மத்தியில் பிரபலம். அன்று இரவு மார்வின் கே ஜேமர்சனைத் தேடிப் போய் ஒரு கிளப்பிலிருந்து அழைத்து வந்தாராம். குடித்திருந்ததால் ஜேமர்சனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மல்லாந்து தரையில் படுத்துக்கொண்டு, எழுதிய தாளைப் பார்த்தபடி வாசித்தாராம். பிறந்தது பேஸ் கிட்டார் வரலாற்றிலேயே மிக உயர்வாகப் பேசப்படும் வாசிப்புகளில் ஒன்று.

இதைச் சாகசம்போலச் சொல்கிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரவு அவரைக் காப்பாற்றியது குடி அல்ல. பல வருடப் பயிற்சி. குடி என்ன செய்தது என்பது அடுத்த 12 வருடத்தில் தெரிந்தது.

மாடி வரிசையில் ஒரு பார்வையாளர்

1972-ல் மோட்டவுன் நிறுவனம் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு இடம் மாறியது. ஃபங்க் பிரதர்ஸ் குழு கலைந்தது. ஜேமர்சன் மறு வருடம் குடும்பத்தோடு பின்னாலேயே போனார். அங்கே சில வெற்றிப் பாடல்களில் வாசித்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர்களுக்குக் கணகணக்கும் புதுக்கம்பி ஒலி வேண்டியிருந்தது. கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் புதுப்பாணி வந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தால் போதும் என்றார்கள். அவர் பழைய கம்பியையும் மாற்றவில்லை, கொக்கியையும் மாற்றவில்லை. அழைப்புகள் குறைந்தன. குடி கூடியது. குடி கூடியதால் அழைப்பு இன்னும் குறைந்தது. நம் தெருக்களிலும் நாம் பார்த்திருக்கிற வட்டம்தான் இது.

1983 மார்ச் மாதம் மோட்டவுன் நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு விழா பாசடினா நகரில் நடந்தது. பெரிய பெரிய பாடகர்களெல்லாம் மேடையேறினார்கள். தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்த நிகழ்ச்சி. அந்த மேடைக்கு ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கீழே மேடையில் ஒலித்த பாடல்களில் பலவற்றின் அடிநாதம் அவர் விரலில் பிறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அந்த வருடமே ஆகஸ்ட் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இறந்துபோனார். கல்லீரல் சிதைந்து, இதயம் தளர்ந்து, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. வயது 47. இறப்பதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய 1962 கிட்டார் திருடு போனது. உடல் டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

பெயர் வந்தது, தாமதமாக. 1989-ல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஜேமர்சனின் வாழ்க்கையையும் அவர் வாசித்த பேஸ் வரிகளின் இசைக்குறிப்புகளையும் சேர்த்து ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். 2000-ல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்று தொடங்கிய முதல் வரிசையிலேயே அவர் சேர்க்கப்பட்டார். 2002-ல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அந்தப் பழைய கார் கொட்டகை ஸ்டூடியோ இன்று அருங்காட்சியகம். அவருடைய மகன் ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியரும் பேஸ் கிட்டார் கலைஞராகவே வாழ்ந்தார்.

உங்கள் வீட்டுப் பயிற்சிக்கு

இந்த வாழ்க்கையிலிருந்து நீங்களும் உங்கள் பிள்ளையும் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில.

ஒன்று, சத்தத்தின் சமன். ஒரே கம்பியில் ஒரே சுரத்தை நிமிடத்துக்கு 60 என்ற நிதானத்தில் ஐந்து நிமிடம் வாசியுங்கள். செல்போனில் மெட்ரோனோம் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுகிறதா என்று கேளுங்கள். விழுந்த பிறகு வேகம் கூட்டுங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.

இரண்டு, நிறுத்தும் பழக்கம். சுரத்தை எழுப்புவதில் பாதி வேலைதான் முடிகிறது. அதை நிறுத்துவதிலும், பக்கத்துக் கம்பி சேர்ந்து அதிராமல் விரலால் அடக்கி வைப்பதிலும் மீதிப் பாதி இருக்கிறது. ஜேமர்சன் பஞ்சு வைத்தது அதற்குத்தான்.

மூன்று, டிரம்ஸைக் கேட்பது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் பேஸும் ஒரே நொடியில் விழ வேண்டும். ஜேமர்சனும் பென்னி பெஞ்சமினும் ஒரே ஆள் வாசிப்பதுபோல ஒலித்தது இதனால்தான். இளையராஜா பாடல்களிலும் இதைக் கேட்டுப் பழகலாம். முதலில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து வாயால் பாடிப் பாருங்கள். வாயில் வராதது விரலில் வராது.

நான்கு, தினமும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பதைவிட, தினமும் 20 நிமிடம் மேல்.

ஐந்து, பக்கத்து வீடு. தொடக்கத்தில் சொன்னதுபோல் கீழ்ச்சுரங்கள் சுவரையும் தளத்தையும் எளிதாகக் கடக்கும். உங்களுக்கு மெதுவாகத் தோன்றுவது கீழ்வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்குக் கட்டில் அதிர்வதுபோல் இருக்கும். நல்ல செய்தி, பேஸ் கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் அறைக்கு வெளியே கேட்காது. ஹெட்போன் போட்டுக்கொண்டால் நடுராத்திரியிலும் பழகலாம். ஆம்ப்ளிஃபயர் போட்டே ஆகவேண்டும் என்றால் அதைத் தரையில் வைக்காமல் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் நேரம் சொல்லிவிட்டு வாசியுங்கள். பிள்ளை பழகுகிறான் என்று தெரிந்தால் பெரும்பாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஒரு பாட்டு பிடித்துப்போனால் பாடியவர் யார் என்பதோடு நிற்காமல், பேஸ் வாசித்தவர் யார் என்றும் தேடிப் பாருங்கள். இன்று இணையத்தில் பல பாடல்களுக்கு அந்தப் பெயர்கள் கிடைக்கின்றன. தேடுகிற பழக்கம் வந்துவிட்டால் அது பாட்டோடு நிற்காது. அதிகாலை தண்ணீர் மோட்டார் போடுகிறவர், படிக்கட்டு கூட்டுகிறவர், இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் என்று நம் குடியிருப்பையும் சிலர் அடியில் நின்று தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் வராவிட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பேஸ் இல்லாத பாட்டைப்போல.

அவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?